கோலைத் தள்ளிவிடும் கம்பி

இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி ஒன்றைச் சிறு கோலால் தட்டுகிறோம். கோல் கம்பியைத் தொடுகிறது, விலகுகிறது, கம்பி பாடுகிறது. கோலை விலக்கியது யார் என்று கேட்டால், வாசித்தவரின் கை என்றுதான் எவரும் சொல்வார்கள். கையால் அது முடியாது. ஒரு சத்தம் காதில் விழுந்து நாம் விரலை அசைப்பதற்கே வினாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 200 மில்லிவினாடி தேவைப்படுகிறது. கோலும் கம்பியும் ஒட்டியிருக்கும் நேரமோ ஓரிரு மில்லிவினாடிதான்; பல சமயம் அதையும்விடக் குறைவு. கோல் கம்பியில் பட்டது என்று மூளைக்குத் தெரியும் முன்பே எல்லாம் முடிந்துவிடுகிறது.

கோலைத் தள்ளிவிடுவது கம்பிதான்.

மொட்டைமாடியில் துணி காயப்போடக் கட்டியிருக்கும் கொடியை ஒரு முனைக்குப் பக்கத்தில் வெடுக்கென்று சுண்டிப் பாருங்கள். ஒரு சிறு மேடு கயிற்றின் மேல் ஓடி, எதிர்ச்சுவர் வரை போய், தலைகீழாகத் திரும்பி வரும். கயிறு கொஞ்சம் தொய்வாக இருந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். வாத்தியக் கம்பியிலும் இதுவேதான் நடக்கிறது. கோல் பட்ட இடத்திலிருந்து இரண்டு அலைகள் கிளம்புகின்றன, ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். பக்கத்தில் இருக்கும் முனைக்குப் போன அலை முதலில் திரும்பும். கீழ்நோக்கி அமுக்கிய அசைவாகப் போனது, மேல்நோக்கி எழுப்பும் அசைவாகத் திரும்பி வந்து, இன்னும் கம்பியின் மேல் உட்கார்ந்திருக்கும் கோலை அடியிலிருந்து உதைக்கிறது. கோல் எகிறுகிறது.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடுவது கடினமில்லை. 0.4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஃகுக் கம்பி மீட்டருக்குச் சுமார் 1 கிராம் எடை இருக்கும். அதை 6 கிலோ எடை தொங்குகிற அளவு விசையில் இழுத்துக் கட்டினால், அலை அதன் மேல் வினாடிக்கு 245 மீட்டர் வேகத்தில் ஓடும். மணிக்கு 880 கிலோமீட்டர். மீனம்பாக்கத்தில் கிளம்பிய பயணிகள் விமானம் முழு உயரத்துக்குப் போனபின் பறக்கும் வேகம் அது. கம்பியின் நீளம் அரை மீட்டர் என்றால், போய்த் திரும்ப ஒரு மீட்டர். ஆக வினாடிக்கு 245 முறை போய்வரும். நம் காதில் விழும் சுருதி அந்த 245தான். முனையிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி அடித்தால், அலை 12 சென்டிமீட்டர் ஓடித் திரும்பி வர அரை மில்லிவினாடி போதும். கோல் இலேசானதாக இருந்தால் அந்த முதல் உதையிலேயே விலகிவிடும். கனமாக இருந்தால் இரண்டு மூன்று உதைகள் வேண்டும்.

அந்த அரை மில்லிவினாடியை வாழ்க்கையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தவர்களில் ஒருவர் நம் திருவானைக்காவலில் பிறந்தவர். சி.வி. ராமன் என்றதும் ஒளிச்சிதறல், 1928, 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு என்று நம் நினைவு நேராக அங்கே போய்விடுகிறது. அதற்கு முன்பு பல ஆண்டுகள் அவர் மனத்தில் ஒலிக்குப் பெரிய இடம் இருந்தது. தந்தை சந்திரசேகர ஐயர் வயலின் வாசிப்பவர், மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர். 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போன ராமன், அலுவலகம் முடிந்ததும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுவார். 1909இல் ஒற்றைக் கம்பி வாத்தியமான ஏக்தாராவைப் பற்றி எழுதினார். பிறகு வயலின். 1920இல், பவநாத் பானர்ஜியோடு சேர்ந்து, பியானோவின் சுத்தியல் கம்பியில் மோதுவதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார்.

அவர்கள் எடுத்துக்கொண்டது, வால்டர் கௌஃப்மன் என்ற ஜெர்மானியர் 1895இல் முன்வைத்த கோட்பாடு. எலெக்ட்ரானின் வேகம் கூடக்கூட அதன் நிறை கூடுவதாகத் தெரிகிறது என்று பின்னாளில் அளந்து காட்டிய அதே கௌஃப்மன். சுத்தியல் கம்பியை அடிக்கிறது என்பதோடு நிறுத்தாமல், கம்பி சுத்தியலுக்கு என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கில் எடுத்தது அந்தக் கோட்பாடு. சுத்தியலின் எடை, அடிக்கும் இடம் இரண்டும் மாறும்போது ஒட்டியிருக்கும் நேரம் எப்படி மாறுகிறது என்பதே கேள்வி. உலகத்தில் எத்தனையோ பெரிய கேள்விகள் இருக்க, ஒரு சுத்தியல் எப்போது எகிறுகிறது என்பதில் இரண்டு பேர் இவ்வளவு அக்கறை காட்டியது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கம்பியில் கோல் பட்டு விலகும் அந்த நொடித்துண்டில்தான் அந்த ஸ்வரத்தின் குணம் முழுவதும் தீர்மானமாகிறது. அதற்குப் பிறகு வாசிப்பவர் அந்த ஸ்வரத்துக்குச் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றும் இல்லை. வயலின் வில்லோ நாதஸ்வரக்காரரின் மூச்சோ ஸ்வரத்தின் முடிவு வரை கூடவே வரும். அடிக்கும் வாத்தியத்தில் கோல் போய்விடுகிறது. கம்பி தனியாக நிற்கிறது.

இதை ஒரு பலகையில் செய்து பார்க்கலாம். செலவு அதிகம் இல்லை.

நான் இருப்பது படப்பையில். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் சத்தம் ஓயாத இடம். தெருமுனையில் மரவேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் போய், இரண்டடிப் பலகை வேண்டும், இரண்டு முனையிலும் ஆணி அடித்து நடுவில் கிடார் கம்பி கட்டப்போகிறேன் என்றேன். அவர் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், ஆணியில நேரா கட்டினா கம்பி பலகை மேலயே படுத்துக்கும். ரெண்டு பக்கமும் கட்டை வெச்சுத் தூக்கணும். அந்தக் கட்டையும் கூரா இருக்கணும், தட்டையா வெச்சா கொரகொரன்னும்.” வாத்தியம் செய்தவர் இல்லை அவர். வீணைக்காரர்கள் குதிரை என்று சொல்லும் உறுப்பின் வேலையை, கம்பியைக் கையில் எடுக்கும் முன்பே சொல்லிவிட்டார். தேக்குத் துண்டில் இரண்டு முக்கோணக் கட்டைகள் செதுக்கித் தந்தார். ஒரு முனையில் ஆணி, மறு முனையில் கம்பியை முறுக்க ஒரு மரையாணி. அவ்வளவுதான் வாத்தியம்.

பலகையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு குச்சியால் கம்பியைத் தட்டினால், வருவது மெலிந்த சத்தம். அதே பலகையைக் கடையில் இருந்த பழைய பிளைவுட் பீரோவின் கதவோடு அழுத்திப் பிடித்துத் தட்டியபோது, பீரோவே பாடியது. வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கம்பி அத்தனை மெல்லியது. காற்றைத் தள்ளாமல் அறுத்துக்கொண்டு அசைகிறது. காற்றை அசைக்கப் பரப்பு வேண்டும். கம்பியின் நடுக்கத்தைக் குதிரை மரத்துக்குக் கடத்த, மரம் தன் முழுப் பரப்பாலும் காற்றைத் தள்ளுகிறது. இதில் ஒரு விலையும் உண்டு. கோல் கொடுத்துவிட்டுப் போன ஆற்றல் ஒரு முறை கொடுத்ததுதான். மரம் அதை வேகமாக வாங்கிச் செலவழித்தால் சத்தம் பெரிதாக இருக்கும், சீக்கிரம் அடங்கும். மெல்ல வாங்கினால் நெடுநேரம் ஒலிக்கும், ஆனால் சன்னமாக. அடிக்கும் வாத்தியம் செய்கிற ஒவ்வொருவரும் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். சந்தூர் என்ற கம்பிப்பெட்டியைச் செய்த காஷ்மீரிகள் வால்நட் மரத்தில் அதைத் தேடினார்கள்.

அடுத்தது கோல். வெறும் மூங்கில் குச்சியால் தட்டினால் கணீரென்று, கொஞ்சம் கூச்சமான சத்தம். அதே குச்சியின் நுனியில் துணி சுற்றித் தட்டினால் சத்தம் உருண்டு வரும். கம்பி ஒரே சமயத்தில் பல விதமாக அதிர்கிறது: முழு நீளமாக ஓர் அதிர்வு, இரண்டு பாதிகளாக அதைப்போல இரு மடங்கு வேகத்தில் ஓர் அதிர்வு, மூன்று பகுதிகளாக மும்மடங்கில், இப்படியே மேலே மேலே. இவற்றின் கலவைதான் நாம் கேட்கும் நாதம். துணி சுற்றிய கோல் நசுங்கி நிமிர நேரம் எடுத்துக்கொள்கிறது. அதனால் கம்பியில் சற்று அதிகமாக ஒட்டியிருக்கிறது. அந்த நேரத்துக்குள் வேகமான மேல் அதிர்வுகள் பல சுற்று அதிர வேண்டியிருக்கும். கோலே அவற்றை அமுக்கிவிடுகிறது. கெட்டியான கோல் சட்டென்று விலகுவதால் அவை எல்லாம் தப்பிப் பிழைக்கின்றன. பியானோவில் கம்பளிச் சுத்தியல் அடித்தடித்துக் கெட்டிப்பட்டால் சத்தம் கூர்மையாகிவிடும். அதைச் சீர்செய்பவர்கள் ஊசியால் குத்திக் கம்பளியை மறுபடி இளக்குவார்கள். மில்லிவினாடியில் ஒரு பகுதியை ஊசியால் கூட்டுகிறார்கள் என்று சொல்லலாம்.

அடிக்கும் இடமும் பேசும். பலகைக் கம்பியைச் சரியாக நடுவில் தட்டுங்கள். உடனே அதே நடுப்புள்ளியை விரலால் இலேசாகத் தொடுங்கள். சத்தம் செத்துப்போகும். இப்போது கால்பங்கு நீளத்தில் தட்டி, நடுவில் தொடுங்கள். அடிப்படை ஸ்வரம் அடங்கி, அதன் மேல்ஸ்தாயி ஸ்வரம் சுத்தமாக ஒலித்துக்கொண்டே இருக்கும். இரண்டு பாதிகளாக அதிரும் அதிர்வுக்கு நடுப்புள்ளி அசையாத இடம். அசையாத இடத்தில் அடித்து அந்த அதிர்வை எழுப்ப முடியாது. கம்பியை எங்கே தீண்டுகிறோமோ அங்கே அசையாப் புள்ளி கொண்ட அதிர்வுகள் எல்லாம் நாதத்தில் இருக்காது என்ற இந்த விதியை 1800ஆம் ஆண்டிலேயே தாமஸ் யங் கண்டு சொன்னார். பியானோவில் பெரும்பாலான கம்பிகளைச் சுத்தியல் ஏழில் ஒரு பங்கிலிருந்து ஒன்பதில் ஒரு பங்கு வரையான இடத்தில் அடிப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி இந்த அறிவியலைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனவர்களிடம் வருகிறேன்.

2022ஆம் ஆண்டு இந்தியா இரண்டு பெரிய கலைஞர்களை இழந்தது. மே 10 அன்று மும்பையில் சந்தூர் மேதை பண்டிட் சிவகுமார் சர்மா. அக்டோபர் மாதம் சென்னையில் வில்லிசை வேந்தர் சுப்பு ஆறுமுகம். ஒருவர் ஜம்முவில் பிறந்தவர், ஒருவர் திருநெல்வேலிச் சீமைக்காரர். இருவரையும் ஒரே வரியில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் இருவரும் வாழ்நாள் முழுவதும் செய்தது ஒன்றுதான். இழுத்துக் கட்டியதைக் கோலால் அடித்தார்கள்.

வில்லுப்பாட்டின் வில்லைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பத்தடிக்கும் மேல் நீளம். வில்லின் வளைவு கீழே, நாண் மேலே. நடுப்பகுதி ஒரு பெரிய மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். குடம் புரிமணை மேல் சாய்ந்திருக்கும். வில்லின் உடலில் வரிசையாக வெண்கல மணிகள். நாண் எஃகு இல்லை, முறுக்கிய தோல். தலைமைப் பாடகர் கையில் இரண்டு வீசுகோல்கள். பக்கத்தில் உடுக்கை, ஜால்ரா, கட்டை. குடத்தடிப்பவர் ஒரு கையில் கமுகம்பாளையில் செய்த பத்தியால் குடத்தின் வாயில் அறைவார், மறு கையில் ஒரு காசை வைத்துக் குடத்தின் உடலில் தட்டுவார். குமரி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கோயில் கொடை என்றால் இது இல்லாமல் நடக்காது. சுடலைமாடனும் இசக்கியம்மனும் முத்துப்பட்டனும் இந்த நாண் மேல்தான் கதையாக எழுந்து வருகிறார்கள்.

எஃகுக் கம்பியோடு ஒப்பிட்டால் தோல் நாண் பல மடங்கு கனமானது, உள்ளுக்குள்ளேயே அதிர்வைத் தின்றுவிடுவது. வீசுகோல் பட்டதும் ‘தொம்’ என்று ஒரு துடிப்பு. அடுத்த அடி விழுவதற்குள் அது அடங்கியிருக்கும். ஸ்வரமாக நீளாது. குறையாகத் தோன்றும் இதுதான் வில்லுப்பாட்டின் பலம். பாடுபவரின் சொல் ஒவ்வொன்றும் ஆயிரம் பேருக்குப் போய்ச் சேர வேண்டிய கலை இது. நாண் நீண்டு ஒலித்தால் சொல் அதில் மூழ்கிவிடும். நாண் உடனே அடங்க, அதன் ஆற்றல் வில்லின் உடலுக்குப் போய் மணிகளைக் குலுக்குகிறது. மணியின் அதிர்வுகள் கம்பியின் அதிர்வுகளைப்போல ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு மடங்குகளில் அமைவதில்லை. அதனால் மணிகளின் கூட்டொலிக்கு ஒரே சுருதி என்று காதுக்குப் பிடிபடாது. எந்தப் பாட்டோடும் எந்தச் சுருதியோடும் சண்டை போடாமல் மினுங்கும். ஒரே அடியில் கீழே ஒரு துடிப்பும் மேலே ஒரு மினுக்கமும். நடுவில் இருக்கும் இடம் முழுவதும் மனிதக் குரலுக்கு.

துடிப்புக்குக் கீழே இன்னொரு அடித்தளம் போடுவது குடம். குடத்தின் உள்ளே இருக்கும் காற்று ஒரு சுருள்வில்லாகவும், கழுத்தில் இருக்கும் காற்று அதன்மேல் ஏறி இறங்கும் எடையாகவும் வேலை செய்கிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய மேதை 1863இல் வெளியிட்ட ஒலியியல் நூலில் இத்தகைய கலங்களைக் கொண்டே நாதத்தைப் பிரித்துப் பார்த்தார். 15 லிட்டர் கொள்ளளவும் 8 சென்டிமீட்டர் அகல வாயும் சிறிய கழுத்தும் கொண்ட குடத்துக்குக் கணக்குப் போட்டால் வினாடிக்குச் சுமார் 100 அதிர்வு வருகிறது. நல்ல ஆழமான ஒலி. கைப்பிடியளவு ஒலிபெருக்கி எழுப்பத் திணறுவது. பத்தி வாயில் அறைந்ததும் உள்ளே இருக்கும் காற்று அமுங்கி விரிகிறது. பத்தியை எடுக்கும் வேகத்தை மாற்றி அந்த ஒலியைக் குடத்தடிப்பவர் வளைக்கவும் செய்வார். மின்சாரம் வராத காலத்தில், திறந்தவெளியில், விடிய விடிய நடந்த நிகழ்ச்சிக்கு மண்ணிலும் காற்றிலும் செய்துகொண்ட ஏற்பாடு இது.

சுப்பு ஆறுமுகம் 1928இல் பிறந்தவர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தார். காந்தி மகான் கதையிலிருந்து தொடங்கி எத்தனையோ கதைகளை வில்லுக்குக் கொண்டுவந்தார். கோயில் கொடையில் இருந்த வில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் சபா மேடைக்கும் வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மகள் பாரதி திருமகன் அதே வீசுகோலைப் பிடித்திருக்கிறார். கன்னியாகுமரிப் பக்கம் கொட்டாரத்தில் வாழ்ந்து 2018இல் மறைந்த பூங்கனியையும் இங்கே நினைக்க வேண்டும். ஆண்களே நிறைந்திருந்த மேடையில் சிறு வயதிலேயே வில்லின் முன் உட்கார்ந்து தலைமைப் பாடகராக நிமிர்ந்தவர் அவர். கர்நாடக இசைக் கச்சேரிக்குக் கிடைக்கும் ஒலிப்பதிவு வசதியில் பாதியாவது இவர்களுடைய வில்லுக்கும் குடத்துக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மணிகளின் மேல் அதிர்வும் குடத்தின் கீழ் அதிர்வும் சாதாரண மைக்கில் முழுமையாக ஏறுவதில்லை. ஒலிப்பதிவில் வில்லுப்பாட்டு கேட்பவர்கள் அதில் பாதியைத்தான் கேட்கிறார்கள்.

சிவகுமார் சர்மாவின் சிக்கல் இதற்கு நேர் எதிரானது. 1938இல் பிறந்தவர், தந்தை உமாதத் சர்மா பாடகர். காஷ்மீரின் சூஃபியானா இசையில் பக்கவாத்தியமாக இருந்த சந்தூரை மகன் கையில் கொடுத்து, இதை இந்துஸ்தானி மேடைக்குக் கொண்டுபோ என்றவர் அவர். காஷ்மீரச் சந்தூரில் 25 குதிரைகள், ஒவ்வொன்றின் மேலும் 4 கம்பிகள், ஆக 100. கம்பிக்கு 6 கிலோ என்று வைத்தாலும் அந்தச் சிறு மரப்பெட்டி 600 கிலோ இழுப்பைத் தாங்கி நிற்கிறது. 1955இல் பம்பாயில் முதல் பெரிய மேடை. வாசிப்பைப் பாராட்டியவர்களிலும் பலர், இந்த வாத்தியம் ராகத்துக்குச் சரிப்படாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் இயற்பியல் நியாயம் இருந்தது. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போவது இந்திய இசையின் உயிர். வீணையில் கம்பியை இழுத்து அதைச் செய்யலாம். சந்தூரில் கோல் அடித்த மறுகணம் கம்பி வாசிப்பவரின் கையை விட்டுப் போய்விட்டது. இழுக்க ஒன்றும் இல்லை.

அவர் தேடிக் கண்ட வழியை நான் இந்தக் கட்டுரையின் மையமாகவே நினைக்கிறேன். கலம் எனப்படும் அந்த மெல்லிய மரக்கோலை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இறுக்காமல் பிடித்தார். இறுகப் பிடித்தால் கோலின் எகிறலைக் கை கொன்றுவிடும். தளர விட்டால் கம்பி கோலை உதைக்கும், கோல் விழும், மறுபடி உதைபடும். கம்பிமேல் கோலை இலேசாக இழைய விட்டு, இந்த உதைகளையே அடுக்கி, தனித்தனி அடிகள் காதில் ஒரே இழையாக ஒட்டும்படி செய்தார். கம்பி கோலைத் தள்ளுவதையே வாசிப்பாக மாற்றிவிட்டார். முன்பு கட்டை மேல் வைத்து வாசித்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். தேவையற்ற அதிர்வை உடல் வாங்கிக்கொண்டது. கம்பிகளின் அமைப்பையும் எண்ணிக்கையையும் மாற்றினார். அடித்த கம்பி அடங்காமல் அடுத்த ஸ்வரத்தோடு கலந்து குழம்பும் இடங்களில் உள்ளங்கையால் மெல்லத் தொட்டு அடக்கினார். 1967இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடும் பிரிஜ்பூஷண் காப்ராவின் கிடாரோடும் வந்த ‘கால் ஆஃப் த வேலி’ இசைத்தட்டுக்குப் பிறகு, சந்தூர் ராகத்துக்கு ஆகாது என்ற பேச்சு எடுபடவில்லை.

இந்தப் பெட்டிக்கு உலகம் முழுக்க உறவுகள். ஈரானில் 72 கம்பிகளோடு சந்தூர், சீனத்தில் யாங்சின், ஹங்கேரியில் சிம்பலோம், ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஹாக்பிரெட், அமெரிக்காவில் ஹாமர்ட் டல்சிமர். டல்சிமரின் ஒரு குதிரையை வைத்திருக்கும் இடம் மட்டும் சொல்லாமல் விடக்கூடாதது. கம்பியை 2க்கு 3 என்ற விகிதத்தில் அது பிரிக்கிறது. கம்பி ஒன்று, இழுப்பு ஒன்று. குதிரையின் ஒரு பக்கம் அடித்தால் ஷட்ஜம், மறுபக்கம் அடித்தால் பஞ்சமம். பழந்தமிழ் இசையில் சொன்னால் குரலும் இளியும். ஒரு கம்பியைச் சுருதி சேர்த்தால் இரண்டு ஸ்வரம் கிடைக்கிறது. குதிரை நகர்ந்தால் இரண்டும் சேர்ந்து கெடும் என்பதும் உண்மைதான்.

ஃபுளோரன்ஸ் நகரில் 1700 வாக்கில் கிறிஸ்டோஃபோரி பியானோவைச் செய்தபோது அவர் தீர்க்க வேண்டியிருந்ததும் இதே எகிறல்தான். விசையை அழுத்தும் விரலோடு சுத்தியல் இணைந்தே இருந்தால் கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும், சத்தம் செத்துவிடும். அதனால் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியலை விடுவித்து எறியும் பொறியை அமைத்தார். கடைசித் தூரத்தைச் சுத்தியல் தனியாகவே பறக்கிறது. திருப்பி அனுப்பும் வேலையைக் கம்பி பார்த்துக்கொள்கிறது. கீழ்ஸ்தாயியில் அந்தச் சந்திப்பு சுமார் 4 மில்லிவினாடி, உச்சஸ்தாயியில் ஒன்றுக்கும் குறைவு.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் வின்ஃபீல்ட் என்ற சிற்றூரில் 1972 முதல் வால்நட் வேலி என்ற நாட்டார் இசை விழா நடக்கிறது. அங்கே ஹாமர்ட் டல்சிமருக்குத் தேசியப் போட்டி உண்டு, ஆட்டோஹார்ப் என்ற வாத்தியத்துக்குச் சர்வதேசப் போட்டி உண்டு. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இவற்றைவிடப் பொருத்தமான இரண்டு வாத்தியங்கள் கிடைக்காது. டல்சிமரில் திறமை என்பது எந்தக் கம்பியை அடிப்பது என்பதில். ஆட்டோஹார்ப்பில் எவற்றைப் பேசவிடாமல் வைப்பது என்பதில். பிலடெல்பியாவில் சிம்மர்மன் என்பவர் வைத்த பெயர் அது; கம்பிகளைத் தேர்ந்து அமுக்கும் பொறிக்கு 1882இல் அவர் காப்புரிமை பெற்றார். சுமார் 36 கம்பிகள். அவற்றுக்குக் குறுக்கே பட்டைகள். பட்டையின் அடியில் கம்பளித் துண்டுகள். ஒரு பட்டையை அழுத்தினால், ச–க–ப கம்பிகளுக்கு நேரே மட்டும் கம்பளி வெட்டப்பட்டிருப்பதால் அவை தப்பும். மற்ற கம்பிகள் எல்லாம் கம்பளியில் அமுங்கும். விரலால் மொத்தக் கம்பிகளையும் ஒரே வீச்சில் வருடினாலும் காதில் விழுவது ச–க–ப மட்டும். கம்பியில் இருக்கும் ஆற்றல் அவ்வளவு சிறியது. ஒரு கம்பளித் துண்டு அதைக் கண நேரத்தில் வெப்பமாக்கி விழுங்கிவிடுகிறது. நம் ஸ்வரமண்டலில் பட்டையே கிடையாது. இந்துஸ்தானிப் பாடகர் படே குலாம் அலி கான் மடியில் அது இருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பாடப்போகும் ராகத்தின் ஸ்வரங்களை மட்டுமே கம்பிகளில் கூட்டி வைத்துக்கொள்வதால், அமுக்க வேண்டிய கம்பி என்று ஒன்று அதில் இல்லை.

ராமனிடம் ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. கோல் படாத கம்பி பற்றியது என்றாலும், பலகையில் செய்த சோதனைக்கு நேரடி மறுப்பு அது. 1921இல் அவர் வீணையையும் தம்புராவையும் எடுத்துக்கொண்டார். யங்கின் விதிப்படி, நடுவில் தீண்டி நடுவில் தொட்டால் கம்பி அடங்க வேண்டும். தம்புராவில் அது நடக்கவில்லை. எந்த மேல் அதிர்வு எழவே கூடாதோ, அதுவே தெளிவாகப் பாடியது. காரணம் குதிரையில் இருந்தது. வயலினிலும் கிடாரிலும் கம்பி ஒரு கூரான விளிம்பில் முடிகிறது. தம்புராவின் குதிரை அகலமானது, மெல்ல வளைந்து இறங்குவது. கம்பிக்கும் அதற்கும் நடுவே ஜீவாளி என்ற நூல் இழை. அதிரும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவின் மேல் படுத்துப் படுத்து எழுகிறது. ஒவ்வொரு முறை படும்போதும் குதிரையே கம்பிக்கு ஒரு தட்டு கொடுக்கிறது; எழாமல் போன அதிர்வுகள் அந்தத் தட்டில் எழுகின்றன. வாசிப்பவர் ஒரு முறை மீட்டிவிட்டு விரலை எடுத்துவிடுகிறார். குதிரையோ வினாடிக்கு நூறு முறைக்கும் மேல் தட்டிக்கொண்டே இருக்கிறது.

படப்பைத் தச்சர் தட்டையாக வைத்தால் கொரகொரக்கும் என்று சொல்லி விலக்கிய கட்டையை வைத்து இதைச் செய்து பார்க்கலாம். கூரான கட்டையை எடுத்துவிட்டு, உப்புத்தாளில் தேய்த்து மெல்லிய வளைவு கொடுத்த அகலமான கட்டையை வையுங்கள். முதலில் அவர் சொன்ன கொரகொரப்புதான் வரும். ஒரு பருத்தி நூலைக் கம்பிக்கு அடியில் செருகி, மயிரிழை மயிரிழையாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் கொரகொரப்பு போய் ரீங்காரம் பிடிக்கும். அங்கே நிறுத்தி, நடுவில் தட்டி, நடுவில் தொட்டுப் பாருங்கள்.